அடித்தண்டு வீக்கம் நோயல்ல, வெட்டாதீர்கள்

கானாடுகாத்தான் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘வண்டியில் வந்தவரிடம் சிவப்புப் பூ தொங்கும் கொடி வாங்கினேன். இமயமலைச் செடியாம். அடித்தண்டு கிழங்கு மாதிரி வீங்கியிருக்கிறது. இளம் இலைகள் மஞ்சளாகின்றன. வீக்கத்தை வெட்டிவிட்டு மருந்து தடவச் சொல்கிறார். செய்யலாமா?’

வேண்டாம் அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தில் பூவின் மேல் அம்புமுனை போன்ற கருஞ்சிவப்புக் கோடுகள் தெரிகின்றன. இது அகாபெடிஸ் செர்பன்ஸ். கொடைக்கானல் மலையில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அந்த ரோடோடென்ட்ரானின் குடும்பம். நேபாளம், பூட்டான், வடகிழக்கு இந்தியாவின் ஈரக் காடுகளில் மரக்கிளைகளின் பாசியில் வேர் விடும். பற்றுக்கம்பி கிடையாது, சாய்ந்து தொங்கும். மரத்தின் மேல் மண் ஏது? மழையில்லாத நாட்களுக்கு நீரைச் சேமிப்பது அந்த வீக்கம்தான். அதை வெட்டினால் செடி போய்விடும்.

மஞ்சளுக்கு வருவோம். நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் வெளுத்தால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். இந்தக் குடும்பத்துக்குப் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். சுண்ணாம்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் அந்தப் புளிப்பு குறைந்து, மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாது. முட்டை ஓடு, சாம்பல், சிமெண்ட் தொட்டி எதுவும் ஆகாது.

மழைநீர் மட்டும் ஊற்றுங்கள். இதிலும் ஒரு விஷயம். ஓட்டிலிருந்து முற்றத்து அண்டாவில் விழுகிற நீர் நல்லது. ஆனால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைத் தொட்டு வழிந்த நீரும், சிமெண்ட் தளத்தில் ஓடி வந்த நீரும் மழைநீர் என்ற கணக்கில் வராது. வெள்ளையடித்த வருடமென்றால் நாலைந்து மழை போகட்டும், அப்புறம் பிடியுங்கள். அண்டாவின் உள்விளிம்பில் வெள்ளைப் படலம் இருந்தால் அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

‘இலை பச்சையாகும் டானிக்’ பாக்கெட்டோடு அந்த வண்டிக்காரரே மறுபடி வருவார். வாங்காதீர்கள். வாடும் என்று தெரிந்தே விற்று, பிறகு மருந்தும் விற்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். எந்தச் செடி, எந்த ஊர்க் குளிருக்கு உரியது என்று ஒரு சீட்டு ஒட்ட எவ்வளவு செலவாகும்? ஒட்டாமல் விற்பவரைக் கேட்க ஆளில்லை. நஷ்டம் முழுக்க வாங்குபவர் தலையில்.

உங்கள் ஊர் சித்திரை வெயிலை இது தாங்குவது கஷ்டம். வளவில் நிழலான பக்கம், மரப்பட்டையும் தேங்காய் நாரும் நிரப்பிய மண்தொட்டியில் வைத்துப் பாருங்கள். கொடைக்கானலில் சொந்தக்காரர் இருந்தால் பங்குனிக்குள் கொடுத்தனுப்பிவிடுங்கள்.