ஸ்பான்சர் லைசென்ஸ் ரத்து: அசைலம் போடலாமா?

கேள்வி: 2023 நவம்பரில் கேர் ஒர்க்கர் விசாவில் மனைவியோடு இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வந்தேன். திருச்சி ஏஜென்ட்டுக்கு 18 லட்சம் கொடுத்தேன். அதில் 4 லட்சம் மட்டும் வங்கி வழியாக, மீதி ரொக்கம். வாரம் 39 மணி நேரம் வேலை என்றார்கள். 12 மணி நேரம்கூடத் தரவில்லை. சம்பளத்திலும் பிடித்தம், மேனேஜரிடம் ஏச்சு வேறு. இப்போது அந்தக் கம்பெனியின் ஸ்பான்சர் லைசென்ஸ் (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் அனுமதி) ரத்தாகிவிட்டது. என் விசாவை முடிக்கும் கடிதம் ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்குப் போய், 19 நாள் கழித்து என் கைக்கு வந்தது. ஊரில் கந்துவட்டிக்காரர்கள் அப்பாவை மிரட்டுகிறார்கள். அதையே காரணமாகச் சொல்லி அசைலம், அதாவது அகதி அடைக்கலம், கேட்டு விண்ணப்பம் போட்டால் இரண்டு வருஷம் ஓட்டிவிடலாம் என்கிறார் இங்குள்ள ஏஜென்ட். மனைவி ஒரு கேர் ஹோமில் வேலை பார்க்கிறார். அவருக்கு ஸ்பான்சர் தர அவர்கள் தயார். திருச்சிக்காரர் 6 லட்சம் திருப்பித் தருகிறேன் என்கிறார். எனக்கு முழுப் பணமும் வேண்டும், அவர் ஜெயிலுக்கும் போக வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் எழுதியதில் இன்றைக்கு வேலைக்கு ஆகும் வரி ஒன்றுதான்: கடிதம் 19 நாள் தாமதமாக வந்தது. ஸ்பான்சர் லைசென்ஸ் ரத்தானால் தொழிலாளிக்கு வழக்கமாக 60 நாள் தருவார்கள். விசா அதற்கு முன்பே முடிவதாக இருந்தால் அந்தத் தேதிதான் கெடு. அனுமதி முடியும் நாள் கடிதத்திலேயே இருக்கும். கடிதத்தை நீங்கள் எப்போது படித்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. மின்னஞ்சல் முகவரி ஏஜென்ட்டுடையது என்பதும் சாக்கு ஆகாது. விண்ணப்பத்தில் அதைக் கொடுத்தது உங்கள் பெயரில்தான். இன்றே உங்கள் விசாக் கணக்கில் நுழைந்து மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் உங்களுடையதாக மாற்றுங்கள். மனைவியின் கணக்கிலும் மாற்றுங்கள். அவருடைய அனுமதி உங்களுடையதோடு கட்டப்பட்டது; அவருக்கும் தேதி போட்டிருப்பார்கள்.

குறைந்த மணி நேரம், பிடித்தம், ஏச்சு எல்லாம் நியாயமான குறைகளே. ஆனால் அவை வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியவை. பிடித்த சம்பளத்துக்கு, வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் அக்காஸ் அமைப்பில் இந்த வாரமே பதிவு செய்யுங்கள், அதற்கும் கால வரம்பு உண்டு. அந்த வழக்கு விசாக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. அதை நம்பிக் காத்திருந்தால் சம்பளப் பாக்கி கிடைக்கலாம், விசா போய்விடும்.

கெடுவை நிறுத்துவது ஒன்றே: அந்தத் தேதிக்கு முன் புது ஸ்பான்சரோடு, கட்டணம் கட்டி, ஆன்லைனில் அனுப்பிய விண்ணப்பம். வேலை தருவதாக வந்த கடிதம் போதாது. சிஓஎஸ் (விசாவுக்காக ஸ்பான்சர் தரும் சான்று) எண் கையில் இருந்தாலும் விண்ணப்பம் போகாவிட்டால் பயன் இல்லை. தேதிக்குள் அனுப்பிவிட்டால் 1971 குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு முடிவு வரும்வரை உங்களைக் காக்கும். அதுவரை நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள். விசா கிடைக்கும்வரை புது இடத்தில் வேலையும் தொடங்காதீர்கள். மனைவியின் விண்ணப்பமும் அதே தேதிக்குள் தனியாகப் போக வேண்டும். கணவன் விண்ணப்பித்தால் மனைவிக்கும் சேர்ந்துவிடும் என்று இருப்பவர்கள் அதிகம். சேராது.

புது ஸ்பான்சரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் அல்ல. "நாட்டுக்குள் இருப்பவருக்குத் தரும் சிஓஎஸ் உங்கள் கையிருப்பில் இப்போது உண்டா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் விசா தரும் உள்துறையான ஹோம் ஆஃபீஸிடம் கேட்டு வாங்கவே வாரக்கணக்கில் ஆகும். உங்களிடம் இருப்பதோ 41 நாள், இதைப் படிக்கும்போது இன்னும் குறைவு. நிறுவனம் பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் சிக்யூசி அமைப்பில் பதிவு பெற்றதா, அரசின் ஸ்பான்சர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று விண்ணப்பம் அனுப்பும் நாளன்றும் பாருங்கள். லைசென்ஸை இடைநிறுத்தினால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். சம்பளம் 2025 ஏப்ரல் விதிப்படி மணிக்கு 12.82 பவுண்டு, ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்குக் குறையக்கூடாது. ஸ்பான்சர் இழந்த கேர் தொழிலாளர்களுக்கு வேலை தேடித் தர இங்கிலாந்தில் வட்டாரக் கூட்டமைப்புகள் உண்டு. கிழக்கு மிட்லண்ட்ஸ் கூட்டமைப்பில் பெயர் கொடுங்கள், இலவசம்தான். சிஓஎஸ்ஸுக்குப் பணம் கேட்பவர் வாசலை மிதிக்காதீர்கள். அதன் கட்டணம் 2025 ஏப்ரல் விதிப்படி 525 பவுண்டு, அதைக் கம்பெனிதான் கட்ட வேண்டும். உங்கள் தலையில் கட்டுவதற்கு 2024 டிசம்பர் 31 முதல் தடை இருக்கிறது. 10,000 பவுண்டு கொடுத்து இரண்டாவது சிஓஎஸ் வாங்கியவர்களில் பலர், அந்தக் கம்பெனிக்கும் அதே கதி நேர்ந்தபோது கெடு தாண்டி நின்றார்கள்.

இனி அசைலம். அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களை ஏற்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. கடன்காரன் மிரட்டல் இதில் எதிலும் அடங்காது. தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது, அப்பா வேறு ஊரிலும் போய் இருக்கலாம். இரண்டையும் ஹோம் ஆஃபீஸ் முதல் பத்தியிலேயே எழுதும். பிரிட்டனின் 2002 அசைலம் சட்டத்தின் 94-ஆம் பிரிவில் உள்ள, பொதுவாகப் பாதுகாப்பான நாடுகளின் பட்டியலில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டவரின் கோரிக்கையை "தெளிவாகவே ஆதாரமற்றது" என்று சான்றிட்டு மறுக்கலாம். 2022 ஜூன் 28-க்குப் பிறகு அப்படிச் சான்றிட்டால் மேல்முறையீடே கிடையாது. நீதிமுறை மறுஆய்வு ஒன்றுதான் மிஞ்சும், அதற்கு ஆகும் செலவு நீங்கள் ஏஜென்ட்டுக்குக் கொடுத்ததை நினைவூட்டும். ஏஜென்ட் சொல்லும் இரண்டு வருஷம் மேல்முறையீட்டையும் சேர்த்துப் போட்ட கணக்கு. உங்களுக்கு அந்தப் பகுதியே இல்லாமல் போகலாம்.

இன்னொரு யோசனையும் சில ஏஜென்ட்கள் சொல்வார்கள்: "இலங்கைத் தமிழர் என்று சொல்லிவிடு." விசாவுக்காக சென்னையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு கொடுத்த கைரேகை அவர்கள் கணினியில் கிடக்கிறது. அந்தப் பொய் முதல் நேர்காணலைத் தாண்டாது. நிஜமாகவே உயிருக்குப் பயந்து வந்த இலங்கைத் தமிழர் ஒருவர் அடுத்த அறையில் சொல்லும் உண்மையையும் அது சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

போட்ட பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். 12 மாதம் முடிவு வராவிட்டால்தான் வேலை அனுமதி கேட்கலாம், அதுவும் பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும். உதவித்தொகை ஆளுக்கு வாரம் 50 பவுண்டுகூடத் தேறாது. ஆகவே பெரும்பாலோர் போய் விழுவது அடுத்தவர் பெயரில் இருக்கும் உணவு டெலிவரிக் கணக்கில். 1971 குடிவரவுச் சட்டத்தின் 24பி பிரிவின்படி அது கிரிமினல் குற்றம். பிடிபட்டால் அசைலம் கோப்பின் மேல் அதுவும் ஏறும். பொய்க் காரணம் என்று பதிவானால் 10 ஆண்டுத் தடை வரை போகும். கனடாவும் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனோடு கைரேகைத் தகவலைப் பகிர்கின்றன; "அங்கே பார்த்துக்கலாம்" என்பதும் நடக்காது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஆள் பற்றாக்குறையால் 2022 பிப்ரவரியில் கேர் வேலைக்குக் கதவு திறந்தார்கள். அந்த ஆண்டு இங்கிலாந்தில் காலி இடம் சுமார் 1,65,000. பற்றாக்குறை தீராதவரை நம்மை அனுப்ப மாட்டார்கள் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 470-க்கும் மேற்பட்ட கேர் லைசென்ஸ்கள் ரத்தாயின, 39,000 பேருக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். 2024-ல் அசைலம் கேட்ட சுமார் 1,08,000 பேரில் 40,000 பேர் விசாவில் வந்தவர்கள். அந்த எண் தெரிந்த பிறகு, விசாவிலிருந்து அசைலத்துக்குத் தாவும் கோப்பை அதிகாரி எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று சொல்லத் தேவையில்லை. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து கேர் விசா கிடையாது. உள்ளே இருப்பவர் நிறுவனம் மாறலாம், அதுவும் 2028 ஜூலை 22 வரைதான். மனைவியைக் கூட வைத்துக்கொள்ளும் உரிமை, 2024 மார்ச் 11-க்கு முன்பே இந்த விசாவில் இருந்து, இடையறாமல் தொடர்பவர்களுக்கு மட்டும். உங்களிடம் இருக்கும் ஒரே சொத்து அந்தத் தொடர்ச்சி. ஒருமுறை அறுந்தால் திரும்ப ஒட்டாது.

மனைவிக்கு வரும் ஸ்பான்சரிலும் இதே கண்ணி இருக்கிறது. அதே இடத்தில் 3 மாதம் சட்டப்படி வேலை செய்திருந்தால் அவர் கேர் ஒர்க்கராக மாறலாம். ஆனால் அவர் புதிதாக இந்த விசாவுக்குள் வருபவர். உங்களைத் துணையாகச் சேர்க்க முடியாது. அவர் இருப்பார், நீங்கள் கிளம்ப வேண்டியிருக்கும். அவர் என்எம்சி (பிரிட்டனின் நர்ஸ் கவுன்சில்) பதிவு பெற்ற நர்ஸ் வேலைக்கு மாறினால் கணக்கு வேறு. கெடுவுக்கு 10 நாள் முன்புவரை உங்களுக்கு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால், அவர் மட்டும் மாறுவதா, இருவரும் திரும்புவதா என்று அப்போதே முடிவெடுங்கள். திரும்புவதானால் கெடுவுக்குள் சொந்தச் செலவில் கிளம்புங்கள். 30 நாளுக்கு மேல் தங்கிவிட்டுப் போனால், சொந்தச் செலவில் போனாலும் 12 மாதத் தடை விழும்.

திருச்சி ஏஜென்ட் தரும் 6 லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் எழுத்து ஆதாரம் 4 லட்சத்துக்குத்தான், அவர் அதைவிட 2 லட்சம் கூடத் தருகிறார். சிவில் வழக்குக்கு 3 ஆண்டு வரம்பு. 2023-ல் கொடுத்த பணம் அந்த விளிம்பில் நிற்கிறது, சில தவணைகள் தாண்டியும் இருக்கலாம். பணம் வங்கி வழியாகவே வரட்டும். "கடனாக வாங்கியது" என்று அவர் எழுதித் தரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இனிப் புகார் கொடுக்க மாட்டேன் என்ற வரியும் வேண்டாம். வழக்கை அமுக்கும் ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் முன் நிற்காது. அவர் பதிவில்லாத ஏஜென்ட் என்றால் 1983 குடிபெயர்வுச் சட்டத்தில் குற்றம். பதிவு பெற்றவரே ஆனாலும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் அப்பாவோ புகார் கொடுத்தால் மத்திய அரசின் முன் அனுமதி தேவையில்லை. சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அப்பா எழுதிக் கொடுக்கலாம்.

அந்தப் புகாரில் நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஆத்திரத்தில் "வேலை இல்லை என்று தெரிந்தே பணம் கொடுத்தோம்" என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால், அது ஹோம் ஆஃபீஸ் கைக்குப் போகும் நாளில் 60 நாள் அவகாசமே இருக்காது. உடந்தையாக இருந்தவருக்கு விசா உடனே ரத்து. லெஸ்டர் ஏஜென்ட், குடிவரவு ஆலோசகர்களை முறைப்படுத்தும் ஐஏஏ அமைப்பில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சொலிசிட்டரும் இல்லாமல் அந்தப் பதிவும் இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வதே குற்றம். கடிதத்தின் நகல், சம்பளச் சீட்டுகள், பழைய சிஓஎஸ், இருவரின் விசா நிலை அச்சு ஆகியவற்றோடு பதிவு பெற்ற ஒருவரை இந்த வாரத்துக்குள் பாருங்கள்.