கருவி எடுக்கும் படத்தில் எடுப்பவர் எங்கே இருக்கிறார்?

நல்ல கேமராவும் நல்ல வெளிச்சமும் இருந்தால் யார் எடுத்தாலும் ஒரே படம்தானே வரும், பிறகு புகைப்படத்தைக் கலை என்றும் சுய வெளிப்பாடு என்றும் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் படமெடுத்து வரும் எனக்குத் தெரிந்த சிறந்த விடை, ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்மணியின் வாழ்க்கையில் இருக்கிறது.

1815இல் கல்கத்தாவில் பிறந்த அவர், இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்தபோது, 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அன்பளிப்பாகத் தந்த கேமராவைக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 48. வீட்டுக் கோழிக்கூட்டைப் படமெடுக்கும் கூடமாகவும், நிலக்கரி போட்டுவைத்த அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். அக்கால முறைப்படி கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியும் முடித்துவிட வேண்டும். எதிரே இருப்பவரோ சில நிமிடங்கள் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். அவருடைய படங்களில் கூர்மை இல்லை, தகட்டில் கறையும் கீறலும் இருக்கின்றன, தொழில் சுத்தமாக இல்லை என்று அன்றைய புகைப்பட இதழ்கள் கண்டித்தன.

அவர் 1874இல் எழுதிய நினைவுக் குறிப்பில் இதற்கு விளக்கம் இருக்கிறது. லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது தம் கண்ணுக்கு மிக அழகாகத் தோன்றும் நிலை வந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டதாகவும், மற்றவர்கள் வற்புறுத்தும் முழுக் கூர்மை வரை போகவில்லை என்றும் அவர் சொல்கிறார். தொடக்கத்தில் அது தற்செயலாக அமைந்தது என்பதையும் மறைக்கவில்லை. உங்கள் கேள்விக்கான விடை அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 1867இல் அவர் எடுத்த வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் படத்தைப் பாருங்கள். கரிய துணியும் கரிய பின்னணியும் ஒன்றாகக் கலந்துவிட, கலைந்த வெண்முடியும் சுருக்கம் விழுந்த நெற்றியும் மட்டும் இருட்டிலிருந்து எழுந்து வருகின்றன. அதே கருவியைக் கொண்டு வேறொருவர் அந்த முதியவரின் சட்டைப் பொத்தான் வரை தெளிவாகக் காட்டியிருக்கலாம். கேமரனுக்கு வேண்டியிருந்தது அந்த முகம் ஒன்றுதான்.

இதை நானே உணர்ந்தது எங்கள் வீட்டுக் கொல்லைப்புற வாசற்படியில். பிற்பகல் வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் அம்மா அங்கே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். 50 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்துவைத்தால் ஒரு சிறு பகுதி மட்டுமே தெளிவாக விழும். அப்படி வைத்து, அம்மாவின் கண்ணிலிருந்து தொடங்கிக் கையால் திருகிக்கொண்டே வந்தேன். வெயில் ஊடுருவிச் சிவந்திருந்த ஒரு வெங்காயத் தோலும், அதைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகத்தின் வெடிப்பும் தெளிந்த இடத்தில் என் கை தானாக நின்றுவிட்டது. முகம் மங்கலாகப் பின்னால் போய்விட்டது. எரிச்சலில் கண்ணைச் சுருக்கியிருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது அந்தக் கைகள்தான் என்பதை, படத்தைப் பார்த்த பிறகே நான் அறிந்தேன். இன்றைய கைபேசிகள் முகத்தைத் தாமே கண்டுபிடித்துத் தெளிவாக்கிவிடுகின்றன. வசதியானதுதான், ஆனால் அந்த முடிவை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அது என்னை நெடுநாளாக உறுத்துகிறது. 1875இல் கேமரன் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, களுத்துறையில் உள்ளூர் மக்களையும் உழைப்பாளிகளையும் படமெடுத்தார். 1879 ஜனவரியில் இலங்கையிலேயே காலமாகி, மலையகத்தின் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவருக்காக மீண்டும் மீண்டும் அமர்ந்த வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர் நமக்குத் தெரியும். இலங்கைப் படங்களில் இருப்பவர்களோ பெரும்பாலும் பெயரற்றவர்கள். அந்தப் படங்களிலும் அதே ஒளியும் அதே பரிவும் இருக்கின்றன. ஆனால், எதிரே அமர்ந்தவர் தம்மை எப்படிக் காட்ட விரும்பினார் என்பதற்கு அவற்றில் எவ்வளவு இடம் இருந்தது என்று நான் கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. எடுப்பவரின் வெளிப்பாடு எவ்வளவு வலுவாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு எதிரே இருப்பவரின் குரல் அதற்குள் அமுங்கிப்போகவும் கூடும்.

என் அம்மாவுக்கும் அந்தக் குறை இருந்தது. வெங்காயப் படத்தை அச்சிட்டுக் காட்டியபோது, “என்னப்பா, மூஞ்சியே சரியாத் தெரியலையே” என்றார். பிறகு அவர் கேட்டபடியே, மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், முன்வாசல் தூணருகே நேராக நிற்கவைத்து, முகம் முழுத் தெளிவாக இருக்கும்படி இன்னொரு படம் எடுத்தேன். எங்கே நிற்பது, தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதையெல்லாம் அவரே சொன்னார். கூடத்துச் சுவரில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. வெங்காயப் படம் என் மேசைமேல் இருக்கிறது.