உடம்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பரவுமா?

"பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். ரத்ததானம் செய்த பிறகு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று போன் வந்தது. எனக்குக் காய்ச்சல், காமாலை எதுவும் இல்லை. அம்மா என் வட்டல், டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார்கள். மனைவி ஏழு மாதக் கர்ப்பம். என்னிடமிருந்து பரவுமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

பரவும் தம்பி. ஆனால் வட்டலில் பரவாது. அதைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு: வழி இவ்வளவுதான்.

இந்த நோயில் கல்லீரலைக் கெடுப்பது பெரும்பாலும் வைரஸை எதிர்த்து நம் உடம்பு போடும் சண்டை. சண்டை இல்லாதவரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது, வைரஸ் மட்டும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

மனைவிக்கு இந்த வாரமே டெஸ்ட் எடுங்கள். முன்பே எடுத்திருந்தாலும் திரும்ப எடுங்கள். நெகட்டிவ் என்றால் அவருக்குத் தடுப்பூசி, கர்ப்பத்திலும் போடலாம். அது முடியும்வரை ஆணுறை. பாசிட்டிவ் என்றால், குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசியும் போட வேண்டும். அந்த ஊசி இருக்கிறதா என்று பிரசவ ஆஸ்பத்திரியில் இப்போதே கேட்டு வையுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: பிளேடு. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளி காய்ந்து கிடந்தாலும் இந்த வைரஸ் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். உங்கள் ரேசரை மச்சான் எடுக்கக் கூடாது. குலதெய்வம் கோயிலில் மொட்டை போடும்போது அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே அரை பிளேடைப் போட்டு இழுத்துவிடுவார்கள். உங்கள் முன்னால் புதுப் பிளேடைப் பிரிக்கச் சொல்லுங்கள். காதுகுத்து ஊசிக்கும் அதேதான். பல் துலக்கும் பிரஷ்ஷும் தனி.

அப்புறம், "நாற்பது நாளில் நெகட்டிவ் ஆக்குகிறோம்" என்று பச்சிலை விற்பவர்களும், வளைகுடா வேலைக்கு மெடிக்கல் முடித்துத் தருகிறேன் என்னும் ஏஜெண்டுகளும் உங்களைத் தேடி வருவார்கள். காசு போனால் போகட்டும். அவர்கள் பேச்சைக் கேட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்குக் கல்லீரலே செயலிழந்து போவதுண்டு.

2018-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இந்த டெஸ்டும் மாத்திரையும் இலவசம். போனில் பாசிட்டிவ் என்று சொன்னவர்கள் இதையும், வட்டலில் பரவாது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் அம்மா வட்டலைப் பிரித்திருப்பாரா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் டெஸ்டை உறுதி செய்து, வைரஸ் அளவும் கல்லீரலும் பார்ப்பார்கள். மாத்திரை இப்போது வேண்டாம் என்றே பலருக்குச் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.