கூரைத் தளம் பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஆட்கள் குடியிருக்கும்போதே சரிசெய்ய முடியுமா?

முடியும். நான் பார்த்த பழுதுவேலைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். தெரிகிற கம்பியின் மேல் கலவையை அப்பிவிட்டுப் போகிறேன் என்பவரை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

ஆரம்பத்தில் நானே அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு படுக்கையறையில் பெயர்ந்த இடத்தைத் தட்டி, கம்பியைத் தேய்த்து, அழகாக அடைத்துக் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். என் ஒட்டு அப்படியே இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் உப்பியிருந்தது! பழைய கான்கிரீட்டில் குளோரைடு உப்பு இருந்திருக்கிறது. துருப்பிடித்த துண்டு தான் அரிபட்டுப் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அரிப்பு பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. இந்த மாதிரி இடங்களில் ஒட்டின் ஓரத்தில் துத்தநாகத் துண்டுகளைக் கம்பியோடு கட்டிவைப்பார்கள். கம்பிக்குப் பதிலாக அது கரையும்.

அதனால் முதலில் சின்னச் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டுங்கள். கெட்டியான இடம் 'டங்' என்னும், உள்ளே விட்டுப்போன இடம் 'பொத்'தென்று கேட்கும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரிந்ததைவிடச் சேதம் எவ்வளவு பெரிது என்று புரியும். தொங்குவதை அன்றே தட்டி இறக்கிவிடுங்கள், யார் தலையிலாவது விழும்.

அப்புறம் புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் என்ற, காரத்தன்மையை நிறத்தால் காட்டும் கரைசலைத் தெளியுங்கள். நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாகும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை போயிருந்தால், காற்றின் கார்பன் டை ஆக்சைடு காரத்தன்மையைக் குறைத்துவிட்டது, துருப்பிடிக்க வழி திறந்தாயிற்று என்று பொருள். ரோஸ் வந்துவிட்டதே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. உப்பு இருந்தால் காரமான கான்கிரீட்டிலும் கம்பி துருப்பிடிக்கும். துளைபோட்ட தூளை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மேல்மாடிக் குளியலறை ஒழுகுகிறதா என்பதையும் பாருங்கள், அதை அடைக்காமல் கீழே எதைப் போட்டும் பயனில்லை.

உடைக்கும் முன் முட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பாரத்தைக் கீழ்த்தளம் தாங்குமா என்று பொறியாளர் சொல்லட்டும். கம்பிக்குப் பின்னாலும் சுமார் 20 மி.மீ. தோண்டி, துரு இல்லாத கம்பி தெரியும்வரை நீளவாக்கில் போக வேண்டும். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வார்கள்.

குடியிருப்பவர்களுக்குப் பெரிய தொல்லை தூசிதான். சிலிக்கா கலந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. அறை அறையாக எடுத்து, வாசலைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, நனைத்தபடி உடைக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் தளத்துக்குத்தான். தூணில் கம்பி ஓடும் வழியில் நெடுக விரிசல் தெரிந்தால், பொறியாளர் வரும்வரை உளியே வைக்காதீர்கள்.