"பூமியை ஆண்டுகொள்ளுங்கள்" என்ற வசனம் இயற்கையை அழிக்கச் சொல்கிறதா?

"பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளுங்கள் என்று பைபிளே சொல்கிறதே, சுற்றுச்சூழல் சீரழிவுக்குக் கிறிஸ்தவம்தானே காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிறிஸ்தவன், இந்தக் கேள்வி எனக்கும் உறுத்தலானதுதான்.

இந்தக் குற்றச்சாட்டைப் பிரபலமாக்கியவர் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர். 1967-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். இயற்கை மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்ற எண்ணத்தை மேற்கத்திய கிறிஸ்தவம் ஊட்டி வளர்த்தது என்பது அவர் வாதம். மாற்றாக அவர் காட்டியதும் ஒரு கிறிஸ்தவரைத்தான்: இயற்கையை நேசித்த துறவி, அசிசி நகர் பிரான்சிஸ். 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால், பிரான்சிஸைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார்.

வைட் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அந்த வசனத்தைத் தங்கள் வசதிக்கு வளைத்தவர்கள் இருந்தார்கள். சபைகளில் இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், அந்த வசனம் வரும் ஆதியாகமத்தின் அடுத்த அதிகாரத்திலேயே தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" மனிதன் வைக்கப்பட்டான் என்பது. சரியான பதில்தான், ஆனால் எனக்கு அது போதாது. காக்கிறோம் என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம், மரத்தை வெட்டிவிட்டு பேவர் பிளாக் பதிக்கிற சபையும்கூட. எங்கள் ஊரிலேயே அது நடந்தது, ஆலய வளாகத்து வேம்பு கார் நிறுத்தும் இடத்துக்காகப் போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

நான் கைகாட்டுவது பைபிளின் சட்ட நூல்களில் ஒன்றான லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தை. ஒவ்வொரு ஏழாம் வருஷமும் நிலத்துக்கு ஓய்வு: விதைக்கக் கூடாது, திராட்சைக் கொடியைக் கிளை கழிக்கக் கூடாது. தானாய் விளைந்ததைக்கூட நிலத்துக்காரன் தன் களஞ்சியத்துக்கு அறுத்துச் சேர்க்க முடியாது. அது வேலைக்காரனுக்கும், கூலிக்காரனுக்கும், அந்நியனுக்கும், ஆடுமாடுகளுக்கும், காட்டு மிருகங்களுக்கும் பொது. காரணமும் அங்கேயே இருக்கிறது: தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் குடியிருப்பவர்கள்தான் என்கிறார் கடவுள். ஆளச் சொன்னவரே ஆளுகைக்கு எல்லையும் போடுகிறார்.

அந்த எல்லையை மீறினால்? பைபிளின் இன்னொரு நூலான 2 நாளாகமத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். நிலத்துக்குக் கொடுக்காமல் விட்ட ஓய்வெல்லாம் கடனாக ஏறி, ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனபோது, எழுபது வருஷம் தேசம் பாழாய்க் கிடந்து அந்த ஓய்வை வசூலித்துக்கொள்கிறது. மனிதர்களுக்கு அது தண்டனைக் காலம், மண்ணுக்கோ விடுதலைக் காலம். இவ்வளவு கடுமையாக மண்ணின் பக்கம் நிற்கிற ஒரு நூலை, அழிக்க அனுமதி தரும் நூல் என்று எப்படிச் சொல்வது?

இதெல்லாம் ஏட்டில்தானே என்றால், வடக்கு எத்தியோப்பியாவின் கோயில் காடுகளைச் சொல்வேன். தெற்கு கோண்டர் பகுதியின் வான்வழிப் படங்களில் எங்கும் பழுப்பு நிற வயல்கள், நடுநடுவே வட்டவட்டமாகப் பச்சைத் திட்டுகள். ஒவ்வொரு திட்டின் நடுவிலும் ஒரு ஆர்த்தடாக்ஸ் கோயில். சுற்றியிருந்த காடுகள் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் போன பிறகும் இவை நின்றதற்குக் காரணம், கோயிலைச் சுற்றிய காட்டை ஏதேன் தோட்டத்தின் சாயலாக மக்கள் பார்ப்பதுதான். காட்டு ஒலிவமும் ஜூனிப்பரும் அங்கே மிச்சமிருக்கின்றன.

ஆனால் பக்தி மட்டும் போதவில்லை. மாடுகள் உள்ளே புகுந்து மரக்கன்றுகளை மிதித்துவிடும். பெரிய மரம் நிற்கும், அதன் இடத்தைப் பிடிக்க இளமரம் இருக்காது. அலெமாயெஹு வாஸ்ஸி என்ற எத்தியோப்பிய வனவியலாளரும் மெக் லோமன் என்ற அமெரிக்க அறிவியலாளரும் குருமார்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ஊர்க்காரர்கள் பக்கத்து வயல்களில் கிடந்த கற்களைப் பொறுக்கி வந்து காட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். வயலும் சுத்தமானது, சுவருக்குள் கன்றுகளும் தலைதூக்கின. இறையியலும் அறிவியலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அந்தச் சுவரைத்தான்.

அப்புறம், "உலகம் எப்படியும் அழியத்தானே போகிறது, இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று எங்கள் ஆட்களே கேட்பார்கள். கடைசிக் காலத்தைப் பேசும் வெளிப்படுத்தின விசேஷம் 11:18-ஐ அவர்கள் வாசிக்க வேண்டும். நியாயத்தீர்ப்பின் வேளையை அது "பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கிறதற்கு" வந்த காலம் என்கிறது. அந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம் கேட்க எனக்கு வெகுநாள் ஆசை.