சஃபாரியில் எங்கே தங்குவது? – வாசகர் கேள்வி பதில்

நைரோபியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். நாலு நாள் லீவு கிடைத்தால் போதும், காட்டுக்குக் கிளம்பிவிடுவேன். ஆப்பிரிக்க சஃபாரி பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி தங்குமிடம் பற்றியவை. அவற்றில் ஆறுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் ஆகஸ்டில் கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறோம். மூன்று இரவு. இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று காப்பகத்துக்கு வெளியே, பெரிய அறை, நீச்சல் குளம். இன்னொன்று உள்ளே இருக்கும் சின்ன டென்ட் கேம்ப், விலை அதிகம். அந்தப் பணத்துக்கு அவ்வளவு வித்தியாசம் இருக்குமா?

பதில்: இருக்கும். எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

என் முதல் மாரா பயணத்தில் வெளியேதான் தங்கினேன். விடுதியின் பெயரில் 'மாரா' என்று இருந்தது, அதை நம்பிப் பணம் கட்டிவிட்டேன். கேட்டுக்கு எவ்வளவு தூரம் என்று விசாரிக்கத் தோன்றவில்லை. விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி, மேடும் பள்ளமுமான மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி காப்பகத்தின் செகனானி கேட்டுக்குப் போய்ச் சேரும்போது ஆறேகால். முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. டிக்கெட்டைச் சரிபார்த்து, உள்ளே போய், புல்வெளியை எட்டும்போது மணி ஏழரை. அங்கே ஒரு சிவிங்கிப்புலியும் மூன்று குட்டிகளும் ஒரு மானைத் தின்று முடிக்கும் நிலையில் இருந்தன. பக்கத்து வண்டியில் இருந்தவர்கள் உள்ளே தங்கியவர்கள். சிவிங்கிப்புலி பதுங்கியதில் இருந்து மானைப் பிடித்தது வரை முழுவதையும் பார்த்திருந்தார்கள். அவர்கள் கேம்பில் இருந்து அந்த இடத்துக்குப் பத்து நிமிடம்தான். அன்றிலிருந்து அறையின் படத்துக்கு முன்னால் வரைபடத்தைப் பார்ப்பது என் வழக்கம்.

மாரா நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் வருடம் முழுக்க ஆறரை மணி வாக்கில் விடிந்துவிடும். வெயில் ஏறியதும் சிங்கமும் சிவிங்கிப்புலியும் நிழல் தேடிப் படுத்துக்கொள்ளும். ஆக, காலையில் முதல் இரண்டு மணி நேரமும், மாலையில் இருட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான் பொன்னான நேரம். கேட் திறந்திருப்பது காலை 6 முதல் மாலை 6 வரை. வெளியே தங்கினால் அந்த இரண்டு நேரத்திலும் பாதியைச் சாலை தின்றுவிடும்.

பணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2024 முதல் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு நாளுக்கு ஆளுக்கு 200 டாலர், ஜூலையில் இருந்து டிசம்பர் வரை. மற்ற ஆறு மாதம் 100 டாலர். இந்தச் சீட்டு பன்னிரண்டு மணி நேரத்துக்குத்தான். உள்ளே தங்குபவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறினால் போதும், அன்றைக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டாம். வெளியே தங்கினால் அந்தக் கடைசிக் காலைக்கும் இரண்டு பேருக்கு 400 டாலர். அறையில் மிச்சம் பிடித்தது கேட்டில் போய்விடும்.

அப்புறம் ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. காப்பகத்தின் நடுவே மாரா ஆறு ஓடுகிறது. மேற்குக் கரையில் இருப்பது மாரா முக்கோணம். அதன் நிர்வாகம் தனி. கிழக்குப் பகுதி நரோக் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது. காப்பகத்துக்குள் ஒரு கரையில் இருந்து மறு கரைக்குப் போக, தெற்கே தான்சானியா எல்லையை ஒட்டியிருக்கும் புருங்கட் பாலத்துக்குப் போக வேண்டும். நினைத்த நேரத்தில் அக்கரைக்குப் போய்விட முடியாது. ஆகஸ்ட் என்பதால் வில்டபீஸ்ட் (மாடு போன்ற உடல்கொண்ட பெரிய மான் வகை) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கும் ஆசை உங்களுக்கு இருக்கும். உங்கள் கேம்ப் எந்தக் கரையில், ஆற்றுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிலோமீட்டரில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சாலைகளில் இருபது கிலோமீட்டர் என்பது ஒரு மணி நேரமாகக்கூட இருக்கும்.

நீங்கள் கேட்காத மூன்றாவது வழியும் இருக்கிறது, கன்சர்வன்சிகள். காப்பகத்தின் வடக்கிலும் கிழக்கிலும் மாசாய் பழங்குடிக் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்களைச் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்து, விலங்குகளுக்காக விட்டிருக்கிறார்கள். மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி எல்லாம் அப்படி உருவானவை. நில உரிமையாளர்களுக்கு மாதாமாதம் குத்தகைப் பணம் போகிறது. அதனால் அவர்கள் வேலி போட்டு நிலத்தைத் துண்டாக்காமல் இருக்க முடிகிறது, யானைகளுக்கு வழியும் கிடைக்கிறது. உங்கள் பணம் எங்கே போகிறது என்பது உங்களுக்கு முக்கியம் என்றால் இதை யோசியுங்கள். ஓலாரே மோட்டோரோகியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். இரவு சஃபாரி உண்டு, வழிகாட்டியோடு நடந்தும் போகலாம். காப்பகத்துக்குள் இந்த இரண்டும் பொதுவாகக் கிடையாது. கன்சர்வன்சியில் தங்குபவர் சீட்டு வாங்கிக் காப்பகத்துக்குள் போகலாம்; காப்பகத்தில் தங்குபவர் கன்சர்வன்சிக்குள் வர முடியாது.

வில்டபீஸ்ட் ஆற்றைக் கடப்பதைப் பார்ப்பதுதான் கனவு என்றால் உள்ளே இருக்கும் டென்ட் கேம்பையே எடுங்கள். அந்தக் கனவு இல்லையென்றால், உங்கள் இடத்தில் நான் இருந்தால், மூன்று இரவும் கன்சர்வன்சியில்தான் இருப்பேன்.

கேள்வி: நீச்சல் குளம் இல்லாத கேம்பில் மத்தியானம் என்ன செய்வது?

பதில்: தூங்குங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்தவருக்கு அதுதான் தேவை. விழித்திருந்தால் டென்ட் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள், பறவைகள் தாமாக வரும்.

கேள்வி: வேலியே இல்லாத கேம்பில் துணிக் கூடாரத்தில் தூங்குவது பாதுகாப்பா? கணவருக்குத் தைரியம் இருக்கிறது, எனக்கு இல்லை.

பதில்: முதல் இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. கூடாரத் துணிக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் ஏதோ பறித்துப் பறித்துப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. காலையில் தடத்தைக் காட்டி, நீர்யானை என்றார்கள். மூடிய கூடாரம் விலங்கின் கண்ணுக்கு ஒரு பாறை மாதிரிதான். அதற்குள் நுழைய வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. ஆபத்து வருவது நாம் வெளியே இறங்கும்போது. அதனால் விதிகள் நாலைந்துதான், ஆனால் ஒன்றைக்கூட மீறக் கூடாது. ஜிப்பை முழுசாக மூடுங்கள். பழம், பிஸ்கட் எதையும் உள்ளே வைக்காதீர்கள். யானைக்கும் குரங்குக்கும் வாசனை போதும். இருட்டியபின் தனியாக நடக்காதீர்கள். சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் பத்தடி தூரம் என்றாலும் டார்ச்சோடு அஸ்காரி வந்து கூட்டிப் போவார். அஸ்காரி என்றால் சுவாஹிலியில் காவலர். கழிப்பறை கூடாரத்துக்கு உள்ளேயே இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், உங்களுக்கு அதுதான் முக்கியம். இரவில் ஆளைக் கூப்பிட விசில் தருவார்களா, ரேடியோ தருவார்களா என்பதையும் கேளுங்கள்.

அவ்வளவுக்குப் பிறகும் பயம் போகவில்லை என்றால் வேலி போட்ட இடத்தை எடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் குழந்தைகள். எந்தக் கேம்பில் கேட்டாலும் சின்னவனுக்கு வயது போதாது என்கிறார்கள். ஏன்? எங்கே போகலாம்?

பதில்: சஃபாரி வண்டி பெரும்பாலும் திறந்த வண்டி. சிங்கம் பக்கத்தில் இருக்கும்போது குழந்தை எழுந்து நின்றாலோ கத்தினாலோ எல்லோருக்கும் ஆபத்து. அதனால்தான் பல இடங்களில் ஆறு வயது, சில இடங்களில் பன்னிரண்டு வயது என்று வைத்திருக்கிறார்கள். கோபப்படாதீர்கள், நியாயமான விதி.

உங்களுக்குப் பொருத்தமானது தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா. அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டிப் போகலாம். கதவும் கண்ணாடியும் மூடிய கார், சின்னவன் அழுதால் திரும்பிவிடலாம். ஸ்குகுசா, சடாரா, லோயர் சாபி போன்ற ஓய்வு முகாம்களைப் பூங்கா நிர்வாகமே நடத்துகிறது. சுற்றிலும் வேலி உண்டு, குழந்தைகள் ஓடியாடலாம். சமைத்துக்கொள்ள வசதியுள்ள குடில்களும் இருக்கின்றன. உள்ளே தங்குவதற்கு இங்கேயும் பலன் உண்டு. நவம்பரில் இருந்து ஜனவரி வரை முகாம் கேட் நாலரைக்குத் திறக்கும், வெளியில் இருந்து வருபவர்களுக்கு ஐந்தரைக்குத்தான். அந்த ஒரு மணி நேரம் சாலை உங்களுடையது. ஆனால் பள்ளி விடுமுறைக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பல மாதம் முன்னாலேயே பதிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை: குரூகர் மலேரியா உள்ள பகுதி. ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போவதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் பிலானஸ்பர்க், மடிக்வே, ஆடோ இந்த மூன்றும் மலேரியா இல்லாத காடுகள், அதே நாட்டில்.

கேள்வி: எனக்கு லீவு பிப்ரவரியில்தான். வில்டபீஸ்ட் கூட்டத்தைப் பார்க்க மாராவில் எந்த விடுதி நல்லது?

பதில்: மாராவில் எந்த விடுதியும் உதவாது. பிப்ரவரியில் அந்தக் கூட்டம் தான்சானியாவில், செரங்கெட்டியின் தெற்கே இருக்கும் குட்டைப்புல் சமவெளியில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் தங்க வேண்டியது ந்டூட்டு பகுதியில். கூட்டத்தின் பின்னாலேயே இடம் மாறும் நகரும் கேம்புகள் அங்கே டிசம்பரில் இருந்து மார்ச் வரை நிற்கும். அதே கேம்ப் ஜூலையில் வடக்கே மாரா ஆற்றுப் பக்கம் போயிருக்கும். அதனால் கேம்பின் பெயரை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "நான் வரும் தேதியில் உங்கள் கேம்ப் எங்கே நிற்கும்?" என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வழியில் ங்கொரங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் ஒரு இரவு தங்க வைப்பார்கள். அது 2,200 மீட்டருக்கு மேல். நல்ல குளிர், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. ஜீப்பில் ஏறி இறங்க முடியாது, குலுங்கினால் வலி அதிகமாகும். ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவை காண்டாமிருகம் பார்க்க வேண்டும் என்கிறார். வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு நினைவு வந்த இடம் நமீபியாவில் எடோஷா தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஒகாகுயேயோ முகாம். முகாமின் ஓரத்திலேயே ஒரு நீர்நிலை. தாழ்வான கல் சுவர், அதற்கு இந்தப் பக்கம் பெஞ்சுகள். இரவு முழுக்க மங்கலான விளக்கு வெளிச்சம் விட்டிருப்பார்கள். விலங்குகளைத் தேடி நாம் போக வேண்டாம், தண்ணீரைத் தேடி அவை வரும். சுற்றுவட்டாரம் காய்ந்து கிடக்கும் ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். மழைக்காலத்தில் எங்கும் தண்ணீர் இருப்பதால் விலங்குகள் சிதறிப் போய்விடும், அப்போது போகாதீர்கள்.

நான் அங்கே தங்கிய மூன்று இரவும் வண்டியை எடுக்கவே இல்லை. பகலில் வரிக்குதிரை, மான், யானைக் குடும்பங்கள். ஒட்டகச்சிவிங்கி ஒன்று முன்கால்களை அகட்டி வைத்துத் தண்ணீர் குடிக்கத் துணிவதற்குள் அரை மணி நேரம் சுற்றும் முற்றும் பார்த்தது. இருட்டிய பிறகு கருப்புக் காண்டாமிருகம் வந்தது, கூடவே ஒரு குட்டி. பெஞ்சில் ஐம்பது பேர் இருந்தோம், இருமல் சத்தம்கூட இல்லை. அது தண்ணீர் உறிஞ்சுவது காதில் விழுந்தது.

நீர்நிலைக்குப் பக்கத்தில் இருக்கும் குடில்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அம்மா நடக்க வேண்டிய தூரம் குறையும், முடியாதபோது போய்ப் படுத்துவிட்டுத் திரும்பவும் வரலாம். பெஞ்ச் கடினமாக இருக்கும், முதுகுக்கு ஒரு தலையணை எடுத்துப் போங்கள். ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் எலும்பைத் தொடும். கம்பளி, கால் உறை, ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது. முன்னிரவில் கூட்டம் இருக்கும், பத்து மணிக்கு மேல் பெரும்பாலோர் தூங்கப் போய்விடுவார்கள். அம்மாவை மத்தியானமே தூங்க வைத்துவிட்டு, அந்த நேரத்துக்குக் கூட்டிப் போங்கள்.