ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பின்கால் இழுக்கிறது. அவனுடைய குட்டிகளுக்கும் அந்த நோய் வருமா?

சேலம் அழகாபுரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். எட்டு வயது ஆண் ஜெர்மன் ஷெப்பர்டு, இரண்டு மாதமாகப் பின்கால்கள் தடுமாறுகின்றன, தண்டுவடத்தில் வரும் பரம்பரை நோயாக இருக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார், போன ஆண்டு அவனுக்குப் பிறந்த ஐந்து குட்டிகளின் கதி என்ன என்பது உங்கள் கேள்வி. நான் மருத்துவன் இல்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்ட மேற்பார்வையாளன். என் டைகருக்கு இதே நோய் வந்து, இதே கேள்வியோடு அலைந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பதில். எந்த மரபணுவும் தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும். அவனுக்கு வந்திருப்பது டிஜெனரேட்டிவ் மைலோபதி என்ற அந்தத் தண்டுவட நோய்தான் என்றால், அவனிடம் அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பெரும்பாலும் பழுதாக இருக்கும். அப்படியானால் ஐந்து குட்டிகளும் ஆளுக்கு ஒன்றை வாங்கியிருக்கும். ஒன்று மட்டும் இருந்தால் நோய் வருவது மிக அரிது. இரண்டாவதும் சேர்ந்திருக்கிறதா என்பது தாயைப் பொறுத்தது. ஆகவே உங்கள் நாயைச் சோதித்த கையோடு அந்தப் பெட்டையையும் சோதிக்க வேண்டும்.

டைகருக்கு அப்போது ஒன்பது வயது. தை மாதம், களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. காலையில் கொட்டையைக் கிளறப் போன பெண்கள், “யாருங்க இது, களத்தில் குச்சியால் கோடு இழுத்து வைத்திருப்பது?” என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தேன். இரண்டு கோடுகள், விட்டு விட்டு, களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. அன்று மாலை டைகரின் பின்பாதங்களைத் தூக்கிப் பார்த்தபோது நடுவிரல் நகங்கள் சதை வரை தேய்ந்து ரத்தம் கசிந்திருந்தது. ஆனால் அவன் ஒரு முறைகூட முனகவில்லை. வலி தெரியாமல் கால் மட்டும் மெல்லக் கைவிட்டுப் போவதுதான் இந்த நோயின் இயல்பு என்று பிறகு தெரிந்தது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் அவனை நிற்க வைத்து, ஒரு பின்பாதத்தை மடக்கி, அதன் மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். நல்ல நாய் கண் இமைப்பதற்குள் பாதத்தைத் திருப்பிக்கொள்ளும். டைகர் என் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு அப்படியே நின்றான். நான் மனதுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு வரை எண்ணியும் அவன் திருப்பவில்லை. கால் எப்படி இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரவே இல்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினாலும், தண்டுவடத்தில் கட்டி இருந்தாலும், இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தாலும் நடை ஏறக்குறைய இப்படித்தான் தடுமாறும். அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் பரம்பரை நோய்க்கு வர வேண்டும். நாய் உயிரோடு இருக்கும்வரை இந்த நோயை முழுக்க உறுதி செய்ய முடியாது. இறந்தபின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முடியும். மரபணுச் சோதனை வாய்ப்பைத்தான் சொல்லும்.

மரபணுவில் நடப்பது என்னவென்று கேட்டால், ஓர் எழுத்துப் பிழை. ‘மலை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மழை’ என்று எழுதிவிட்டால் பொருளே மாறிவிடுகிறதல்லவா, அதுபோல எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் ‘ஜி’ இருக்க வேண்டிய ஓரிடத்தில் ‘ஏ’ வந்துவிடுகிறது. அதனால் அது உருவாக்கும் புரதத்தின் 40ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் புரதம் சரியாக மடங்காமல் நரம்பு செல்களுக்குள் திரள்கிறது. முதுகின் நடுப்பகுதியில் தண்டுவட நரம்பிழைகள் அழியத் தொடங்குகின்றன. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகமும் பிராட் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு 2009இல் இதைக் கண்டுபிடித்தது. மனிதர்களுக்கு நரம்பு அழிந்து தசைகள் செயலிழந்துபோகும் ஏ.எல்.எஸ். நோயில் ஒரு வகைக்கும் இதே மரபணுதான் காரணம் என்பது 1993இலேயே தெரியும். ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது இந்த ஏ.எல்.எஸ். குடும்பத்து நோய்தான். டைகரின் நோய் அதற்கு உறவு என்று படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடி படித்திருப்பீர்கள். இதுவும் அந்த ஒடுங்கு பண்புக் கணக்குதான், அதாவது இரண்டு பிரதியும் பழுதானால்தான் பண்பு வெளியே தெரியும். தாய் இரண்டு நல்ல பிரதி உள்ளவளாக இருந்தால் குட்டிகள் எல்லாமே ஒற்றைப் பிரதியோடு நிற்கும், நோயைச் சுமக்கும், அவ்வளவே. தாயிடம் ஒன்று பழுதாக இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு பிரதியும் பழுதாக வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு நாய்க்கு இரண்டு பிரதியும் பழுதாக இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. அப்படிப்பட்ட நாய்கள் பல கடைசிவரை நன்றாக நடந்து, வேறு காரணத்தால் இறந்திருக்கின்றன. வந்தாலும் பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல்தான் வரும். இதுதான் இதில் மிகக் கொடியது. நோய் தெரிவதற்குள் நாய் அப்பாவாகிப் பாட்டனும் ஆகிவிடுகிறது.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் குழந்தைக்கு ஆகாது என்று இன்று நம் ஊர் மருத்துவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். நாய் வளர்ப்பிலோ அப்பனையும் மகளையுமே சேர்க்கிறார்கள், ‘லைன்’ கெடக்கூடாது என்று பெருமையோடும் சொல்கிறார்கள். எங்கோ ஒரு முன்னோரிடம் இருந்த ஒற்றைப் பழுது இரண்டு பக்கமும் இறங்கிவந்து ஒரே குட்டியில் சந்திப்பது அப்படித்தான்.

டைகரை நான் ஆறு வயதில் அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் ஓர் அண்ணனின் பெட்டையோடு சேர்த்தேன். ஏழு குட்டிகள். வழக்கப்படி ஆண் நாய்க்காரனுக்கு ஒரு குட்டி என்று மல்லியை எனக்குக் கொடுத்தார். மற்றவை கன்னங்குறிச்சி, அயோத்தியாப்பட்டணம், ஆத்தூர் என்று போய்விட்டன. மல்லியின் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஒரு பிரதி மட்டும் பழுது என்று வந்தது. நிம்மதியாக இருந்தது என்பது உண்மை. ஆனால் மல்லிக்கு அதிர்ஷ்டம் இருந்ததால் மற்ற ஆறுக்கும் இருந்ததாக ஆகாது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். நீண்ட நேரம் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, வாங்கியவர்கள் காசைத் திருப்பிக் கேட்டால் நான் எங்கே போவேன்?” என்றார். கேட்டால் பாதி நான் தருகிறேன் என்றேன். பெட்டையைச் சோதித்ததில் அவளிடமும் ஒன்று பழுது. பிறகு இருவரும் என் பைக்கில் வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் திட்டினார்கள். மூன்று வீட்டில் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள், அதில் இரண்டு குட்டிகளுக்கு இரண்டு பிரதியும் பழுது. காசை யாரும் கேட்கவில்லை. ஆத்தூர் அம்மா ஒருவர் மட்டும், “இவனைப் போன மாதம் ஒரு பெட்டையோடு சேர்த்தோமே” என்றார். அந்தப் பெட்டையின் வீட்டுக்கும் போனோம்.

உங்கள் ஐந்து குட்டிகளும் எங்கே இருக்கின்றன என்பது இப்போது உங்களுக்கு நினைவிருக்கும். குட்டிகளுக்கு ஒரு வயது ஆகிறது, இனிமேல்தான் அவற்றுக்கு ஜோடி தேடுவார்கள். தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் நாயைப் பற்றி. இந்த நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து கிடையாது. ஆனால் படுக்க வைத்துவிடாதீர்கள். நோய் இருக்கலாம் என்று சந்தேகித்த 22 நாய்களை வைத்து 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தினமும் தீவிரமாக உடற்பயிற்சி கொடுத்த நாய்கள் சராசரியாக 255 நாள் வாழ்ந்தன, பயிற்சியே இல்லாதவை 55 நாள். சிறிய ஆய்வுதான். நான் அதை நம்பி டைகரை நாளைக்கு ஐந்து முறை, அடிவயிற்றில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி களத்தைச் சுற்றி நடத்தினேன். வழுக்கும் தரையில் சாக்கு விரித்தேன். பின்பாதங்களுக்குத் துணி உறை தைத்துப் போட்டாள் என் மனைவி. எட்டு மாதம் இருந்தான்.

ஒற்றைப் பிரதி உள்ள குட்டியை யாரும் ஒதுக்க வேண்டாம். இரண்டும் நல்ல பிரதியாக உள்ள துணையோடு சேர்த்தால் அதன் குட்டிகளில் ஒன்றுக்கும் இரண்டு பழுது வராது. சுமக்கும் நாய்களை எல்லாம் கழித்துக்கட்டினால், இங்கே ஏற்கனவே சிறியதாக இருக்கும் இனக்கூட்டம் இன்னும் சுருங்கி, வேறு ஏதாவது பழுது தலையெடுக்கும்.

மல்லிக்கு இப்போது நாலரை வயது. போன வாரம் ஓமலூரிலிருந்து ஒருவர் தன் ஆண் நாயைச் சேர்க்கக் கேட்டு வந்தார். அழகான நாய், பரிசு வாங்கிய கோப்பைகளின் படங்களையும் காட்டினார். சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். காப்பி கொடுத்து, பஞ்சுக்குச்சி உறை ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.